துப்பாக்கிச் சூட்டை எழுதிய ஆங்கிலேயர்: பத்திரிகையாசிரியர் ஹார்னிமன்

மும்பை கோட்டைப் பகுதியில், டவுன் ஹாலுக்கு எதிரே வட்டமாக அமைந்த பூங்கா ஒன்று உண்டு. அலுவலகம் செல்லும் தமிழர் பலர் நாள்தோறும் அதைக் கடந்து போகிறார்கள். எல்பின்ஸ்டன் சர்க்கிள் என்று ஒரு கவர்னரின் பெயரைத் தாங்கி நின்ற அந்த இடம், நாடு விடுதலை பெற்ற பின் ஹார்னிமன் சர்க்கிள் ஆயிற்று. கவர்னர் பெயர் போய்ப் பத்திரிகையாசிரியர் ஒருவரின் பெயர் வந்தது. அவரும் ஓர் ஆங்கிலேயர் என்பதுதான் வியப்பு.

பெஞ்சமின் கை ஹார்னிமன் 1873-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1906-ல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் பணியாற்ற இந்தியா வந்தார். 1913-ல் சர் பெரோஸ்ஷா மேத்தா பம்பாயில் 'பாம்பே கிரானிக்கிள்' நாளேட்டைத் தொடங்கியபோது அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்திலும் முன்னின்று உழைத்தார்.

தெருவில் ஈட்டி

1919-ல் ரௌலட் சட்டம் வந்தது. விசாரணையின்றிச் சிறை வைக்க வழி செய்த அச்சட்டத்தை எதிர்க்கக் காந்தியடிகள் சத்தியாகிரக சபையை அமைத்தார். அதன் உபதலைவர்களில் ஹார்னிமனும் ஒருவர். மார்ச் 30-ல் டில்லியில் கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. காந்தியடிகள் கைதான செய்தி கேட்டு ஏப்ரல் 11-ல் பம்பாய் பைதோனியில் மக்கள் திரண்டனர். கிராபோர்டு மார்க்கெட் நோக்கிச் சென்ற அவர்கள்மீது குதிரைப் போலீசார் ஈட்டிகளுடன் பாய்ந்தனர். விடுவிக்கப்பட்டு வந்த காந்தியடிகள் அதைக் கண்ணால் கண்டு, போலீஸ் கமிஷனரிடமே நேரில் சென்று முறையிட்டார். இரண்டே நாளில் அமிர்தசரஸ் ஜாலியன் வாலாபாக்கில் ஜெனரல் டயரின் படை 1,650 குண்டுகளைச் சுட்டது. சர்க்கார் கணக்குப்படியே மாண்டவர் 379 பேர்.

இவை வெளியே தெரியாதிருக்க வேண்டும் என்பதே அதிகாரிகளின் கவலை. பஞ்சாபில் பத்திரிகைகளுக்குக் கடும் தணிக்கை வந்தது. லாகூர் 'டிரிபியூன்' ஆசிரியர் காளிநாத் ராய் சிறை புகுந்தார். 'கிரானிக்கிள்' நிருபர் கோவர்த்தன் தாஸுக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது.

விசாரணை இல்லை

ஏப்ரல் 26-ல் ஹார்னிமன் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டார். டில்லித் தெருக்களில் உடலைச் சிதைக்கும் வகைக் குண்டுகளைப் படையினர் பயன்படுத்தினர் என்ற புகாருக்கு அவரது ஏடு இடமளித்தது என இந்திய மந்திரி மாண்டேகு பிரிட்டிஷ் பார்லிமெண்டில் காரணம் கூறினார். புகார் பொய்யாக இருந்தால் வழக்குத் தொடுத்துப் பொய்யென்று நிரூபித்திருக்கலாம். நீதிமன்றம் திறந்தேதான் இருந்தது. ஆனால் சர்க்கார் அந்த வழியை நாடவில்லை. எழுதியவரை அகற்றிவிட்டால் எழுத்தும் ஒழியும் என்று எண்ணியது.

நடந்தது வேறு. தணிக்கையால் 'கிரானிக்கிள்' சிறிது காலம் நின்றது உண்மை. ஆனால் அதே ஆண்டில் 'யங் இந்தியா' காந்தியடிகள் கைக்கு வந்தது. ஹார்னிமனோ 1920-ல் அமிர்தசரஸ் கொடுமை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி, சொந்த நாட்டு மக்கள் முன் வைத்தார்.

இருவகை நீதி

சுட்ட டயர் பதவியை இழந்தாரே தவிர, எந்தக் கோர்ட்டிலும் நிறுத்தப்படவில்லை. லண்டன் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகை அவருக்காக 26,000 பவுனுக்கு மேல் நிதி திரட்டிக் கொடுத்தது. சூட்டைப் பற்றி எழுதியவருக்கோ ஆறு ஆண்டுகளுக்கு மேல் இந்திய மண்ணை மிதிக்க முடியவில்லை.

1926 ஜனவரியில் ஹார்னிமன் திரும்பி வந்து மீண்டும் பேனா பிடித்தார். 1933-ல் தொடங்கிய 'பாம்பே சென்டினல்' மாலை ஏட்டைப் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்தினார். 1941-ல் 'பிளிட்ஸ்' வார ஏடு தோன்றவும் துணை நின்றார். சுதந்திர இந்தியாவைக் கண்ட பிறகே, 1948-ல் பம்பாயில் காலமானார்.

நமது அரசியல் சட்டத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனிப் பிரிவு கிடையாது. 19-வது பிரிவு தரும் பேச்சுரிமைக்குள் அது அடங்கும் என்பது நீதிமன்றங்களின் தீர்ப்பு. கூட்டத்தின்மீது தடி ஓங்கப்படும் இடத்தில் நிற்கும் நிருபருக்கு உள்ள காப்பு, சாதாரணக் குடிமகனுக்கு உள்ள காப்புத்தான். ஆகவே அவர் கையிலிருந்து பறிக்கப்படும் காமிராவும் குறிப்பேடும், பார்க்கவும் அறியவும் நம் எல்லோருக்கும் உள்ள உரிமையைச் சேர்ந்தவை. அந்த உரிமைக்காக விலை கொடுத்தவரின் பெயரையே கோட்டைப் பகுதிப் பூங்கா இன்றும் தாங்கி நிற்கிறது.