தொழிற்சங்க முன்னோடி அமரர் கோ. நடேசய்யர்

தஞ்சை மண்ணில் 1887இல் பிறந்த கோ. நடேசய்யர் அவர்கள், புடவை வியாபாரி வேடத்திலேயே முதன்முதலாகத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பர். துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் லயத்துப் பக்கம் கால்வைக்க முடியாத காலமது.

1920இல் இலங்கையில் நிலையாகத் தங்கிப் பத்திரிகை நடத்தினார். கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவர் ஏ. ஈ. குணசிங்காவின் சங்கத்தில் உபதலைவராகவும் மதிப்புடன் விளங்கினார். ஆயினும், இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பேச்சு அவ்வியக்கத்தில் தலைதூக்கியபோது அவரால் வாய்மூடியிருக்க இயலவில்லை. பதவியையும் தோழமையையும் ஒருங்கே துறந்து வெளியேறினார். குணசிங்காவும் ஏழைத் தொழிலாளருக்காகப் பெரும் வேலைநிறுத்தங்களை நடத்தியவரே. ஆதலால் அம்முடிவு எளிதாக இருந்திராது.

1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். துரைமாரும் பெரிய கங்காணிமாரும் பகைத்தனர். துணைவியார் மீனாட்சி அம்மையாரோ கூட்டங்களில் பாடல்கள் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1936இல் அட்டன் மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

தனித்தே நின்றமையால் இழப்பும் நேர்ந்தது. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டங்களில் வளர, சம்மேளனம் தேய்ந்தது. 1947 நவம்பரில் அவர் அமரரானார். மறு ஆண்டே, அவர் யாருக்காக உழைத்தாரோ அம்மக்களின் பிரஜாவுரிமை சட்டத்தால் பறிபோயிற்று.