உள்ளூர் ஆட்டத்தை ஒலிம்பிக் வரை கொண்டுபோன ஸ்கூல் வாத்தியார்... யார் இந்த சையத் அப்துல் ரஹீம்?

லோக்கல் டோர்னமென்ட்டில் எல்லாரையும் அடித்து நொறுக்கும் ஒரு டீம், பெரிய லெவலுக்குப் போனதும் காணாமல் போவதைப் பார்த்திருப்பீங்க. ஆட்ட முறை அதேதான், ஆட்களும் அதேதான். ஆனா எதிரில் நிற்பவன் வேகமானவன், உயரமானவன், 90 நிமிடமும் மூச்சு வாங்காமல் ஓடுகிறவன். அங்கே நம்ம ஆட்டம் எடுபடுமா? எடுபட வேண்டுமென்றால் அதை யாரை வைத்து ஆட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் விடை தேடிய ஒரே கால்பந்து பயிற்சியாளர் என்று சையத் அப்துல் ரஹீமைச் சொல்லலாம். 2024-ல் அஜய் தேவ்கன் நடித்து வந்த 'மைதான்' படம் இவருடைய கதைதான். படத்தில் சென்டிமென்ட் தூக்கலாக இருக்கும். நிஜத்தில் அவர் செய்த வேலை அதைவிட சுவாரஸ்யமானது.

யார் இந்த ரஹீம்?

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். அப்போது அது நிஜாம் ஆட்சி. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார், கல்லூரி அணிக்காக ஆடினார். பிறகு ஸ்கூல் வாத்தியார் வேலை. உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து, பள்ளிகளில் விளையாட்டையும் கவனித்துக்கொண்டார். 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கும், இந்திய அணிக்கும் பயிற்சியாளர்.

அன்றைக்குக் கால்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு பெயர்களுக்கு முன்னால் மற்றதெல்லாம் சும்மா. அப்படி இருந்த காலத்தில் ரஹீமின் போலீஸ் டீம் பம்பாயில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 வருடம் தூக்கியது. அதிர்ஷ்டம் ஒரு வருடம் வரும், 2 வருடம் வரும். 5 வருடம் வராது.

டிரிபிளிங் பண்ணினால் ஃபவுல்!

அந்தக் காலத்து இந்திய வீரர்களுக்கு பந்து காலில் ஒட்டிக்கொள்ளும். 2 பேரை ஏமாற்றி, 3-வது ஆளையும் ஏமாற்றினால் கேலரி எழுந்து நின்று விசில் அடிக்கும். ரஹீமுக்கு அது பிடிக்கவில்லை. வெளிநாட்டு டீமிடம் 3-வது ஆள் ஏமாற மாட்டான், இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி வாத்தியார்களுக்கே வரும் யோசனை. டிரிபிளிங்கே கூடாது என்ற விதியோடு டோர்னமென்ட் நடத்தினார். பந்து வந்தால் உடனே பாஸ் கொடுத்தாக வேண்டும். வலது கால்காரன் இடது காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று தனியாக ஒரு டோர்னமென்ட். அறிவுரை சொல்லிக்கொண்டே இருக்காமல் விதியை மாற்றிவிட்டார். பசங்க வேற வழியில்லாமல் கற்றுக்கொண்டார்கள்.

பந்து வருவதற்கு முன்பே அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் பழக்கம் இப்படித்தான் வந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம்.

10-1 என்ற அடி

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம். ஃபைனலில் ஈரானை 1-0 என்று வென்றோம், கோல் அடித்தவர் மேவாலால். எல்லாம் சரியாகப் போவது போலத்தான் இருந்தது.

அடுத்த வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக். முதல் மேட்சே யூகோஸ்லாவியாவுடன். ஸ்கோர் 10-1. நம் வீரர்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். பின்லாந்து குளிரில், ஈரத் தரையில் வெறுங்கால்! அதோடு உள்நாட்டில் அப்போது மேட்ச் 90 நிமிடம் கிடையாது, அதைவிடக் குறைவு. கடைசி கட்டத்துக்கு உடம்பு பழகியே இருக்கவில்லை. டிஃபென்ஸ் அமைப்பும் பழைய காலத்தது. பின்னால் 2 பேர் மட்டும் நிற்பார்கள், நடுவில் வரும் ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கத் தனி ஆள் இல்லை.

இதற்குப் பிறகு சர்வதேச ஆட்டங்களுக்கு பூட்ஸ் கட்டாயம் ஆனது. வேறு யாராவது என்றால் பூட்ஸோடு கதையை முடித்திருப்பார்கள். ரஹீம் ஆட்டத்தையே கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார்.

ஒருத்தர் கீழே இறங்கினால் என்ன ஆகும்?

கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம், ஆனா சிம்பிள்தான்.

1953-ல் ஹங்கேரி அணி லண்டன் வெம்ப்லி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்தது. உலகமே அதிர்ந்தது. காரணம் ஹிதேகுட்டி என்ற வீரர். சென்டர் ஃபார்வர்ட் என்றால் கோல் பக்கத்தில் நிற்க வேண்டும். இவர் நிற்காமல் நடு மைதானத்துக்கு இறங்கி வந்தார். அவரைப் பிடிக்க வேண்டிய டிஃபெண்டருக்கு இப்போ குழப்பம். கூடவே போனால் பின்னால் ஓட்டை விழும், அதில் இன்னொருத்தன் ஓடுவான். போகாமல் நின்றால் இறங்கி வந்தவர் கையில் நேரமும் இடமும் கிடைக்கும்.

அதாவது பந்து வைத்திருப்பவர் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. எதிராளி என்ன செய்கிறான் என்று பார்த்து, அந்த அரை நொடியில் முடிவு செய்கிறார். அமெரிக்காவில் ஆடும் கால்பந்தில் 'ஆப்ஷன்' என்று ஒரு முறை இருக்கிறது. குவார்ட்டர்பேக் எதிராளியின் அசைவைப் பார்த்துவிட்டுத்தான் பந்தைக் கொடுக்கலாமா, தானே ஓடலாமா என்று தீர்மானிப்பார். கல்லூரி அணிகள் அதை வைத்து ஜெயிக்கும். தொழில்முறை அணிகள் எந்த வீரரை நம்பி அதை ஆடுவது என்று வருடக்கணக்கில் சண்டை போடுவார்கள். ரஹீமுக்கு இருந்த சிக்கலும் கிட்டத்தட்ட இதே ரகம். முறையைக் காப்பி அடிக்கலாம். அந்த அரை நொடி யாருக்கு வரும்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெளிநாட்டில் ஓடுகிற லைனை அப்படியே கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிவிடலாம். எந்த ஸ்டேஷனில் யாரை நிறுத்துவது என்பதில்தான் அது ஓடுவதும் நிற்பதும் இருக்கிறது.

வாடகை சைக்கிளில் வந்த தமிழ்ப் பையன்

ரஹீம் கண்ணில் பட்டவர்களில் ஒருவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அருகே அம்முகூடாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். வீட்டில் வறுமை. பழைய போலீஸ் பூட்ஸை வெட்டித் தைத்துக் கொடுத்த பூட்ஸில் ஆடிக்கொண்டிருந்தார். பயிற்சிக்கு வரச் சொன்னபோது, தினமும் போய்வரக் காசில்லை என்றார். வாடகை சைக்கிளுக்கு ரஹீமே காசு கொடுத்து வரவழைத்தார்.

பலராமிடம் என்ன ஸ்பெஷல்? அவரை இடது விங்கில் நிறுத்தலாம், உள்ளே நிறுத்தலாம், நடுவில் நிறுத்தலாம். எங்கே நின்றாலும் ஆட்டம் அவர் வழியாக ஓடும். பந்தைப் பிடிப்பதற்கு முன்பே மைதானத்தைப் பார்த்துவிடுவார். சுருக்கமாகச் சொன்னால் அந்த அரை நொடி அவரிடம் இருந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கு அவர் தேர்வானபோது வயது 20-ஐ ஒட்டித்தான்.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். இவரும் ஹைதராபாத்தில் வளர்ந்த தமிழர்தான். சென்டர் ஃபார்வர்டாக ஆரம்பித்து, ராணுவத்தில் சேர்ந்து, மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் கோல்கீப்பர் ஆனவர். நீலகிரி வெலிங்டனில் இருக்கிறதே, அதே சென்டர். ரயில்வேயில் வேலை பார்த்த பி.கே.பானர்ஜி வலது விங்கில். ரஹீம் கையில் இருந்தது எல்லாமே இப்படி வேலைக்குப் போய்க்கொண்டே ஆடியவர்கள்தான். போலீஸ், ராணுவம், ரயில்வே.

ஹைதராபாத் ஆட்களை அதிகம் எடுக்கிறார் என்று கல்கத்தா பக்கம் முணுமுணுப்பு இருந்தது. மெல்போர்ன் டீமில் ஹைதராபாத்காரர்கள் நிறைய இருந்தது உண்மைதான். ஆனால் டிரிபிளிங் இல்லாத டோர்னமென்ட்டில் வளர்ந்தவர்கள் அவர்கள்தானே? புது ஆட்டம் அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும்.

மெல்போர்னில் நடந்தது என்ன?

ஹங்கேரி விலகியதால் முதல் சுற்றில் வாக்ஓவர். அடுத்து ஆஸ்திரேலியா, அவர்கள் ஊரிலேயே. இந்தியா 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா ஹாட்ரிக், 4-வது கோல் கிருஷ்ணசாமி. கிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா!

அரையிறுதியில் மறுபடி யூகோஸ்லாவியா. 4 வருடம் முன்பு 10 கோல் போட்ட அதே நாடு. இந்த முறை முதல் கோல் நம்முடையது, மறுபடி நெவில். பிறகு 4 கோல் வாங்கி 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான மேட்சில் பல்கேரியாவிடம் 3-0. ஆக 4-வது இடம். 10-1-லிருந்து 4-1 என்பது தோல்விதான், ஆனா அந்த மேட்சில் ஒரு கட்டம் வரை முன்னால் இருந்தது நாம்.

1960 ரோம் ஒலிம்பிக் இன்னும் கடினம். ஹங்கேரியிடம் 2-1, பிரான்ஸுடன் 1-1, பெருவிடம் 3-1. அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் ஹங்கேரிக்கு எதிராக ஒரே ஒரு கோல் வித்தியாசம்! அதை அடித்தவர் பலராம். என்னைக் கேட்டால் ஜகார்த்தா தங்கத்தைவிட இந்த 2-1-தான் ரஹீமின் கணக்கு சரி என்று காட்டிய ஸ்கோர். ரஹீமின் மகன் ஹக்கீமும் இந்த ரோம் டீமில் இருந்தார்.

ஜகார்த்தா: ஸ்டாப்பரை ஸ்ட்ரைக்கர் ஆக்கினார்

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தோனேசியா இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி தரவில்லை. அதைக் கண்டித்து இந்திய அதிகாரி சோந்தி பேசிவிட, ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது. இந்தியத் தூதரகத்தின் மீது தாக்குதல். மைதானத்தில் இந்திய வீரர்கள் நுழைந்தாலே கூச்சல். ரஹீமின் உடலில் அப்போது நுரையீரல் புற்றுநோய்.

முதல் மேட்சே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தபோது டிஃபென்ஸின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போட்டார்கள். அடுத்து ஜப்பானை 2-0 என்று தாண்டியாயிற்று. ஆனால் நாக் அவுட்டில் ஜர்னைலை என்ன செய்வது?

தையல் போட்ட தலையோடு ஒரு ஸ்டாப்பர், எதிராளியின் ஹெட்டர்களை எல்லாம் எதிர்கொள்ள முடியாது. உட்கார வைத்தால் ஆள் பலம் போச்சு. ரஹீம் அவரைக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். முட்டாள்தனமாகத் தெரியும் முடிவு. ஆனால் ஜர்னைல் சின்ன வயதில் முன்வரிசையில் ஆடியவர், அது ரஹீமுக்குத் தெரியும். நடுவில் அருண் கோஷ் டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டார். நம்ம ஆலைப் பேச்சில் சொன்னால், மல்டி ஸ்கில் ஆளை சமயம் பார்த்து வேற ஸ்டேஷனுக்கு மாற்றினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்றோம். ஜர்னைல் கோல் அடித்தார்.

1962 செப்டம்பர் 4, ஃபைனல். மறுபடி தென்கொரியா. சுமார் 1 லட்சம் பேர், பெரும்பாலும் எல்லாரும் நமக்கு எதிராக. முந்தைய மேட்ச்களில் கோல்கீப்பராக நின்றவர் பிரத்யுத் பர்மன். காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜை ஃபைனலுக்கு இறக்கினார் ரஹீம். கொரியர்கள் உயரப் பந்தில் கெட்டிக்காரர்கள், தங்கராஜ் அவர்களைவிட உயரம். கால் விரல் நகம் பெயர்ந்த நிலையில் திரிலோக் சிங் டிஃபென்ஸில் நின்றார். கேப்டன் சுனி கோஸ்வாமி, பி.கே., பலராம் மூவரும் முன்னால்.

17-வது நிமிடம் பி.கே. கோல். 20-வது நிமிடம் ஜர்னைல் கோல். கொரியா கடைசி நேரத்தில் ஒன்று திருப்பியது. 2-1. தங்கம்.

இந்தியாவுக்கு எதிராகக் கத்திய கூட்டத்தில் நமக்காகக் கைதட்டிய ஒரே கும்பல் பாகிஸ்தான் ஹாக்கி டீம் என்று வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு?

9 மாதம்தான். 1963 ஜூன் 11-ல் ரஹீம் இறந்தார். வயது 53. அதே 1963-ல் உடல்நலக் குறைவால் பலராமும் ஆட்டத்தை விட்டார். அவருக்கு அப்போது 27 வயதுகூட முடியவில்லை.

1964 ஆசியக் கோப்பையில் இந்தியா 2-வது இடம். 1970 ஆசியப் போட்டியில் வெண்கலம். ரஹீம் வார்த்தெடுத்த ஆட்கள் இருந்தவரை வண்டி ஓடியது. அவருக்குப் பிறகு அந்த வேலையை யார் செய்வது என்று சங்கம் யோசித்ததாகத் தெரியவில்லை. ரஹீம் மேலும் ஒரு குறை சொல்ல வேண்டும். யாரை எங்கே நிறுத்துவது என்ற கணக்கு முழுக்க அவர் தலைக்குள்ளேயே இருந்தது. தனக்கு அடுத்து ஒருவரை அவர் தயார் செய்யவில்லை. நோய் அதற்கு நேரம் தந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

1960-க்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே இல்லை. ஆசிய விளையாட்டில் 1962-க்குப் பிறகு தங்கமும் இல்லை. பீட்டர் தங்கராஜ் 2008-ல் பொகாரோவில் இறந்தார். பலராம் 2023 பிப்ரவரி 16-ல் கல்கத்தாவில். 'மைதான்' திரைக்கு வர இன்னும் ஒரு வருடம் இருந்தது.