புரதத்தின் இலக்கணம் வகுத்தவர்

எண்ணூரின் அனல்மின் நிலையங்களும், திருவொற்றியூரின் ஆலைகளும், இராயபுரம் வழியே துறைமுகம் நோக்கிச் செல்லும் சரக்குந்துகளும் வடசென்னைக் காற்றில் புகையையும் நுண்துகளையும் கலக்கின்றன. அக்காற்றைச் சுவாசிப்போரின் நுரையீரல் செல்களில் தீவிர வினைத்திறன் கொண்ட ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. அவை செல் சவ்வையும் மரபுப்பொருளையும் சிதைக்கும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படும்.

இத்தாக்குதலைச் சில புரதங்கள் தடுத்து நிற்கின்றன. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் புரதம் தீங்கு செய்யும் சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் மாற்றுகிறது. கேட்டலேஸ் என்னும் மற்றொரு புரதம் அந்தப் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட இழை உரிய முறையில் மடிந்தால்தான் இப்புரதங்கள் வேலை செய்யும். மடிப்புப் பிழைத்தால் காவலும் பிழைக்கும். அம்மடிப்புக்கு இலக்கணம் கண்டவர், சென்னையில் ஆய்வு செய்த ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், மின்பொறியியல் கற்கப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமன் அவரை இயற்பியலுக்கு ஈர்த்தார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவரை, இராமனின் பரிந்துரைப்படி, துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமைக்கு அழைத்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொல்லாஜன் புரதத்தின் அமைப்பு அன்று புதிராக இருந்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, மூன்று சுருள் இழைகள் சேர்ந்த வடிவமே அது என 1954இல் அறிவித்தனர்.

அறிவிப்பு வெளிவந்ததும் எதிர்ப்பும் எழுந்தது. அம்மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக் உள்ளிட்ட அறிஞர்கள் குறை கூறினர். இராமச்சந்திரன் சோர்வடையவில்லை, வாதத்தில் காலம் கழிக்கவும் இல்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற அடிப்படை வினாவையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அறியப்பட்ட படிக அமைப்புகளிலிருந்து அணுக்களின் இடைத்தொலைவுகளைத் திரட்டினார். புரத இழையின் ஒவ்வொரு கண்ணியிலும் இரு சுழற்சிக் கோணங்கள் உண்டு. அவை எந்த அளவுகளை ஏற்றால் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, அதனை 1963இல் ஒரே வரைபடமாகத் தந்தார்.

உலகம் அதனை இராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கிறது. 1977இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார். கேட்டலேஸ் முதலிய எப்புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியா என்பதை அவ்வரைபடத்தில் இட்டுச் சோதிப்பதே இன்றும் ஆய்வாளர்களின் வழக்கம்.