படுக்கையறையில் ஓர் ஆய்வுக்கூடம்

குழந்தைகளே! விளையாடும்போது கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருப்பீர்கள். சில நாளில் பொருக்கு உதிர்ந்து, அடியில் புதுத் தோல் தெரியும். அந்தத் தோலை வளரச் சொல்வது எது தெரியுமா? நம் உடம்பிலேயே உள்ள சில புரதங்கள்தாம். வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றை உலகம் அறியக் காரணமானவர்களில் ஒருவர் ரீட்டா லெவி மோன்டால்சினி. அவர் கதையைக் கேளுங்கள்.

ரீட்டா 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தார். பெண்கள் கல்லூரிக்குப் போனால் குடும்பப் பொறுப்புக்கு ஒத்துவராது என்பது அவர் அப்பாவின் எண்ணம். ஆனால், தன்னை வளர்த்த ஆயா புற்றுநோயால் இறந்ததைப் பார்த்த ரீட்டா, டாக்டராவது என்று உறுதி கொண்டார். அப்பாவிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். 1936இல் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

1938இல் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. ரீட்டா யூதர். பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கி, கோழி முட்டைக் கருவில் நரம்புகள் வளர்வதை ஆராய்ந்தார். டூரினில் குண்டுகள் விழுந்தபோது கிராமத்துக்குப் போனார். அங்கே பண்ணை பண்ணையாகச் சைக்கிளில் சென்று, குழந்தைகளுக்கு வேண்டும் என்று சொல்லி முட்டை வாங்கினார்!

போர் முடிந்தது. ரீட்டாவின் ஆய்வுக் கட்டுரையைப் படித்த பேராசிரியர் விக்டர் ஹாம்பர்கர், அவரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அழைத்தார். 1947இல் அங்கே சென்ற ரீட்டா, நரம்புகளை வளரத் தூண்டும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டறிந்தார். அது என்னவென்று ஆராய வேதியியல் அறிஞர் ஸ்டான்லி கோஹன் துணைக்கு வந்தார்.

எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அந்தப் பொருள் ஏராளமாக இருந்தது. சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி மூலம் செலுத்திய கோஹன் ஒரு விந்தையைக் கண்டார். இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன! இமையின் தோல் விரைவாக வளர்ந்து முதிர்ந்ததே காரணம். சாற்றில் இருந்த இன்னொரு புரதம் செய்த வேலை அது. அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. பூட்டில் சாவி பொருந்துவது போல் அது தோல் செல்களில் பொருந்துகிறது. உடனே செல்கள் பெருகிப் புண்ணை மூடத் தொடங்குகின்றன.

தீக்காயம் பட்டவரின் நல்ல தோலில் சிறு துண்டு எடுத்து, அதை ஆய்வுக்கூடத்தில் பெரிதாக வளர்க்க இன்று இப்புரதம் உதவுகிறது. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்கும் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் இது மருந்தாகிறது.

ரீட்டாவும் கோஹனும் 1986இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 2012 டிசம்பர் 30 அன்று, 103ஆம் வயதில், ரோம் நகரில் ரீட்டா மறைந்தார்.

குழந்தைகளே, இனி முழங்காலில் பொருக்குக் கட்டினால் பிய்த்து எடுக்காதீர்கள். அடியில் அந்தப் புரதங்கள் வேலை செய்துகொண்டிருக்கும். ஆய்வுக்கூடத்தின் கதவு மூடப்பட்டபோதும் தையல் ஊசியை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்த ரீட்டாவை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.