பெயரைத் தடிப்பாக்கியவர்

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடிக் கொட்டகையில் தொங்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெயிலில் முகங்கள் வெளிறிவிட்டாலும், கீழே தடித்த எழுத்தில் இருக்கும் பெயரை வீதியில் நின்றே வாசிக்கலாம். பெயரை இப்படித் தடிப்பாக்கி முன்னிறுத்தும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் ரொபேர்ட் பெஸ்லியின் கதைக்குள் போனேன். ஊடகக் கற்கைகள் படித்த நாட்களில் அவர் எனக்கு வெறும் பரீட்சைக் குறிப்பு.

பெஸ்லி 1794இல் இங்கிலாந்தின் எக்ஸெற்றரில் பிறந்தார். 1826இல் லண்டன் ஃபான் வீதியில் இருந்த எழுத்து வார்ப்பகத்தில் சேர்ந்தார். அதன் உரிமையாளர் வில்லியம் தோரோகுட், லொத்தரில் விழுந்த பணத்தில் அதை வாங்கியவர். 1838இல் பெஸ்லியும் பங்காளியானார்.

அப்போது லண்டன் சுவர்களெங்கும் விளம்பரங்கள். எழுத்தின் முனைகளில் கட்டை கட்டையாகப் பாதம் வைத்த 'எகிப்தியன்' எழுத்துகள் தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஆனால் புத்தகப் பக்கத்தில் அவை மைக்கறையாகத் தெரியும். அங்கே ஒரு சொல்லை எடுத்துக்காட்டப் பெரும்பாலும் சாய்வெழுத்தும் பேரெழுத்தும்தான் உதவின.

1845இல் பெஸ்லியின் வார்ப்பகம் 'கிளரென்டன்' எழுத்தை வெளியிட்டது. பாதம் தடிப்பாகவே இருந்தது, ஆனால் தண்டோடு சேருமிடத்தில் மெல்ல வளைந்தது. அகலம் ஒடுங்கியது. சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் இடிக்காமல் உட்கார்ந்தது. அகராதியில் சொல்லைத் தேடும் கண்ணுக்கு அது பெரிய உதவி. காலப்போக்கில் ஆங்கில அச்சகங்களில் தடித்த எழுத்துக்கே கிளரென்டன் என்று பெயராயிற்று.

பெஸ்லி அதை வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்தார். பாதுகாப்பு மூன்று ஆண்டுகள் மட்டுமே. அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் வடிவத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் அதை மரத்தில் பெரிதாகச் செதுக்கி, தேடப்படும் குற்றவாளிகளின் சுவரொட்டிகள்வரை அச்சடித்தார்கள்.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. உருக்கு முனையில் இந்த எழுத்துகளை இடவலம் மாற்றி, ஒவ்வொன்றாக வெட்டிய கை பெஞ்சமின் பொக்ஸ் என்ற தொழிலாளியுடையது. பின்னாளில் அவரும் வார்ப்பகத்தின் பங்காளியானார். ஆனாலும் கிளரென்டன் என்றதும் நினைவுக்கு வருவது பெஸ்லிதான். பெயர்களைப் பளிச்சென்று காட்டும் எழுத்தை வெட்டியவரின் பெயர் மெல்லிய எழுத்திலேயே நின்றுவிட்டது.

பெஸ்லி 1861இல் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றார். 1869இல் லண்டன் மாநகர முதல்வரானார். 1876இல் காலமானார். 1953இல் சுவிற்சர்லாந்தின் ஹெர்மன் ஐடன்பென்ஸ் கிளரென்டனைப் புதிதாக வரைந்தார். இன்றும் அது கணினிகளில் இருக்கிறது.

தடித்த எழுத்தில் பெயர் போட்டதால் பதில் வந்துவிடாது என்பதைக் கொட்டகையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் புதிய பதாகை வந்தால் அம்மாமார் முதலில் விரல் வைத்துச் சரிபார்ப்பது பெயரைத்தான்.