'டைலர்கள் தேவை' போர்டில் இருக்கும் அந்த இரட்டைக்கொம்பு யார் கொடுத்தது? இத்தாலியில் பிறந்து தமிழ் எழுத்தை மாற்றிய வீரமாமுனிவரின் கதை

திருப்பூரில் டிசம்பர் 20-ஐத் தாண்டிவிட்டால் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் வேறொரு கூட்டம் சேர ஆரம்பிக்கும். கையில் ஒரு பேக், குழந்தைக்கு எடுத்த புது டிரெஸ், சம்பளக் கவர். நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் இருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பும் நேரம் அது. வெளிநாட்டுக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குப் போடும் டி-ஷர்ட்டும் பைஜாமாவும் பல வாரங்களுக்கு முன்பே கன்டெய்னர் ஏறிப் போயிருக்கும். அதைத் தைத்தவர்களின் கிறிஸ்துமஸ் இந்த பஸ்ஸில்தான் தொடங்குகிறது.

அந்த பஸ்ஸின் போர்டைக் கொஞ்சம் கவனியுங்கள். கோவில்பட்டி, நாகர்கோவில். பஸ் ஸ்டாண்டின் பெயரே கோவில்வழி. வழியில் கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பாருங்கள். 'டைலர்கள் தேவை', 'ஓவர்லாக் ஆட்கள் தேவை'. கிறிஸ்துமஸ் வாழ்த்து கார்டை எடுத்தால் இயேசு, யோசேப்பு, மேரி, பெத்லகேம். இத்தனை சொல்லிலும் ஒரே விஷயம் இருக்கிறது. 'ஏ', 'ஓ' என்ற நெடில் ஒலி, அதற்கான இரட்டைக்கொம்பு. இன்று நாம் எழுதும், மொபைலில் டைப் பண்ணும் இந்த வடிவம் 300 ஆண்டுகளுக்கு முன்பு இப்படி இல்லை. இதை மாற்றி அமைத்தவர் என்று தமிழ் இலக்கிய வரலாறு சொல்லும் பெயர் வீரமாமுனிவர். பிறந்தது இத்தாலியில்.

இத்தாலி டு காமநாயக்கன்பட்டி

சொந்தப் பெயர் கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8-ம் தேதி, வட இத்தாலியில் மாந்துவா அருகே உள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698-ல், 18 வயதுகூட முடியாத நிலையில், இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்று 1710-ல் கோவா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு தமிழ்நாடு. அதன்பிறகு சாகும்வரை 36 ஆண்டுகள் அவர் இத்தாலிக்குத் திரும்பவே இல்லை.

அவர் வந்து சேர்ந்தது மதுரை மிஷன் என்று சொல்லப்பட்ட பணித்தளத்துக்கு. அங்கே ஏற்கனவே ஒரு வழக்கம் இருந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி போட்ட பாதை அது. காவி உடுத்தணும், புலால் சாப்பிடக்கூடாது, உள்ளூர் மொழியில் பேசணும், எழுதணும். பெஸ்கி அந்தப் பாதையில் நொபிலியைவிடத் தூரமாகப் போனார். கான்ஸ்டன்சோ என்றால் உறுதி, மனத்திடம் என்று பொருள். அதனால் முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிறகு வந்து நிலைத்த பெயர்தான் வீரமாமுனிவர்.

ஆரம்ப ஆண்டுகளில் அவர் பணி செய்த இடங்களில் ஒன்று காமநாயக்கன்பட்டி. கோவில்பட்டியில் இறங்கினால் பக்கம்தான். கோவில்வழியில் இன்று பஸ் ஏறுகிற பலருக்கும் தெரிந்த ஊர், பரலோக மாதா கோயில் இருக்கிற ஊர்.

புள்ளிதான் பிரச்சினை

பழைய தமிழில் எகரம், ஒகரம் எழுதும் முறை வேறு. குறில் என்றால் எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் அது நெடில். தொல்காப்பியம் காலத்திலேயே சொல்லப்பட்ட விதி இது.

விதி சரி, எழுதுகிற பொருள்தான் ஒத்துழைக்கவில்லை. பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதும்போது புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகிவிடும், கிழியவும் செய்யும். அதனால் ஏடு எழுதியவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். விளைவு? எரி என்பதும் ஏரி என்பதும் ஏட்டில் ஒரே மாதிரி இருக்கும். கொடி எது, கோடி எது என்று முன்பின் வரியைப் படித்துதான் கண்டுபிடிக்கணும். தமிழ் வீட்டில் பிறந்தவருக்கு அது பழகிப்போயிருக்கும். 30 வயதில் வந்து மொழி படிக்கிற ஒரு வெளியூர்க்காரருக்கு ஒவ்வொரு வரியும் தடுக்கி விழுகிற மாதிரிதான் இருந்திருக்கும். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் பொறுத்துக்கொண்ட ஒரு குறை, வெளியில் இருந்து வந்தவர் கண்ணில் பட்டது என்றுகூடச் சொல்லலாம்.

பெஸ்கி செய்த மாற்றம் சின்னது. புள்ளி இல்லாத எழுத்தைக் குறிலுக்குக் கொடுத்தார். நெடிலுக்குத் தனி அடையாளம் சேர்த்தார். எ-வுக்குக் கீழே ஒரு இழுப்பு, ஏ ஆனது. ஒ-வுக்கு ஒரு சுழி, ஓ ஆனது. ஒற்றைக்கொம்பின் தலையைச் சுழித்து மேலே இழுத்தார், இரட்டைக்கொம்பு ஆனது. ஓலையைக் குத்த வேண்டிய வேலையே இல்லை. எழுத்தாணியை எடுக்காமல் ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தால் போதும்.

இந்த மாற்றம் மறுநாளே ஊர் முழுக்கப் பரவிவிடவில்லை. அவர் காலத்துக்குப் பிறகும் பழைய முறையிலேயே எழுதப்பட்ட ஏடுகள் நிறைய. 19-ம் நூற்றாண்டில் அச்சுப் புத்தகம் பெருகிய பிறகுதான் புது வடிவம் முழுசாக நிலைத்தது.

காப்பியத்தின் ஹீரோ ஒரு தச்சர்

கிறிஸ்துமஸ் குடிலில் எல்லோர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும், அடுத்து தாய் மேல். ஓரமாகக் கையில் கோலோடு நிற்கும் யோசேப்பை யாரும் பெரிசாகக் கவனிப்பதில்லை. பைபிளிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. வீரமாமுனிவர் தன் பெரிய காப்பியத்துக்கு நாயகனாகத் தேர்ந்தெடுத்தது இந்த மனிதரைத்தான்.

நூலின் பெயர் தேம்பாவணி. 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல். விருத்தாசலம் பக்கம் உள்ள கோணான்குப்பத்தில் 1726-ல் நிறைவுபெற்றதாகச் சொல்வார்கள். அந்த ஊர் பெரியநாயகி மாதா கோயிலோடு சேர்த்தே இந்த நூலைப் பேசுவது வழக்கம். பெயருக்கு வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாடல்களால் ஆன அணி என்றும் இரண்டு பொருள் சொல்கிறார்கள்.

யோசேப்புக்கு இதில் பெயர் வளன். எபிரேய மொழியில் அந்தப் பெயருக்கு 'பெருகுதல்' என்ற பொருள் உண்டு, அதைத் தமிழாக்கினால் வளன். இப்போது நிறைய பேர் பையனுக்கு வளன் என்று பெயர் வைக்கிறார்கள். அதன் வேர் இங்கேதான். யோவானுக்குக் கருணையன். யூதேயா நாட்டை வர்ணிக்கும் இடத்தில் வயலும் நீரும் சோலையும் வரும். பாலஸ்தீனத்தில் இவ்வளவு தண்ணீர் ஏது என்று கேட்டால் பதில் கிடையாது. கம்பனும் சீவகசிந்தாமணியும் நாட்டை எப்படிப் பாடினார்களோ, அப்படிப் பாடினால்தான் தமிழில் காப்பியம். அந்த இலக்கணத்தை அவர் மீறவே இல்லை.

கதையின் போக்கு கிறிஸ்துமஸ் கதைதான். அரசாங்கக் கணக்கெடுப்புக்காக நிறைமாத மனைவியோடு சொந்த ஊர் தேடிப் போகும் கணவர். தங்க இடம் கிடைக்காமல் கடைசியில் மாடுகள் கட்டும் இடத்தில் பிரசவம். குழந்தையைக் கொல்ல ராஜா ஆள் அனுப்புகிறான் என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓட்டம். பைபிளில் இந்த எகிப்து விஷயம் சில வரிகளில் முடிந்துவிடும். தேம்பாவணி அங்கே நிறுத்தி நிதானமாகப் போகிறது. பாஷை தெரியாத ஊர், கையில் தச்சுத் தொழில் மட்டும், காப்பாற்ற ஒரு குடும்பம். ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ கிளம்பி திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கும் யாருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

முடிவும் கவனிக்க வேண்டியது. கம்பராமாயணம் முடிவது ராமனின் முடிசூட்டோடு. தேம்பாவணியின் கடைசிப் படலமும் முடிசூட்டுப் படலம். அங்கே வானுலகில் முடி சூட்டப்படுவது வளனுக்கு. அயோத்தி ராஜாவுக்குக் கிடைத்த முடிவுரையை ஒரு தச்சருக்குக் கொடுத்துவிட்டார் மனுஷன். ஒன்றைச் சொல்லியே ஆகணும்: யோசேப்பு தாவீது ராஜாவின் வம்சம் என்பதையும் காப்பியம் அழுத்தமாகவே சொல்கிறது. வெறும் தொழிலாளியாக விட்டுவிட அந்தக் காலக் காப்பிய மரபு இடம் கொடுக்கவில்லை போலும்.

இவ்வளவு இருந்தும் இன்று சர்ச்சில் தேம்பாவணி ஒலிப்பது அபூர்வம். மொழி அவ்வளவு கடினம். அவரே அதற்கு உரையும் எழுதி வைக்க வேண்டியிருந்தது. முழு நூல் அச்சேறியது 19-ம் நூற்றாண்டின் நடுவில், புதுச்சேரியில். அதாவது எழுதி 100 வருஷத்துக்கும் மேல் கழித்து.

சிரிக்க வைத்த சாமியார்

இவ்வளவு கடினமாக எழுதியவரிடமிருந்துதான் பரமார்த்த குரு கதையும் வந்தது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள், அவர்களைவிட அப்பாவியான ஒரு குரு. ஆறு தூங்குகிறதா, முழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்க்கும் அந்தக் காமெடியைச் சின்ன வயதில் கேட்காதவர்கள் குறைவு. தமிழில் சிரிப்புக்காகவே எழுதப்பட்ட உரைநடை என்று பார்த்தால் இது ரொம்ப முந்தியது. 1822-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு புத்தகமாக வந்தது.

1732-ல் முடித்த சதுரகராதி இன்னொரு பெரிய வேலை. அதற்கு முன் சொல்லுக்குப் பொருள் வேண்டும் என்றால் நிகண்டு. செய்யுளாக இருக்கும், மனப்பாடம் பண்ணணும். முதல் எழுத்தை வைத்துச் சொற்களைச் சேர்க்கும் முயற்சி அவருக்கு முன்பே நடந்திருக்கிறது. அவர் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பிரித்து, அகர வரிசையில் தேடி எடுக்கும்படி செய்தார். திருக்குறளில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். காமத்துப்பாலைத் தொடவில்லை, துறவி என்பதால் விட்டுவிட்டார் என்பார்கள். தொன்னூல் விளக்கம் என்ற ஐந்திலக்கண நூலும், எளிய மக்கள் பேசும் தமிழுக்குத் தனியாக ஒரு லத்தீன் இலக்கணமும் உண்டு.

சண்டையும் போட்டார்

எல்லாமே அன்பும் இலக்கியமும் என்று நினைக்க வேண்டாம். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிகள் இருந்தார்கள். சீகன்பால்க் அங்கே அச்சகம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாடு அச்சிட்டிருந்தார். கத்தோலிக்கரான பெஸ்கிக்கு அவர்களை ஆகவே ஆகாது. வேத விளக்கம், பேதகம் மறுத்தல் என்று அவர்களை மறுத்து எழுதினார், வார்த்தைகள் காரமாகவே இருக்கும். அந்தப் பக்கத்தில் இருந்தும் பதில் வந்தது. கிராமத்து மக்களிடம் பேசுவதற்காகத் தமிழ் உரைநடை வேகமாக வளர்ந்ததில் இந்தச் சண்டைக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் பாருங்கள், அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சிட்டு வெளியிட்டது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி அச்சகம். மதம் வேறு, இலக்கணம் வேறு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். தமிழ் படிக்க அதைவிட நல்ல புத்தகம் அவர்களிடம் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

எது வரலாறு, எது கதை?

சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் போவார், புலித்தோலில் உட்காருவார் என்றெல்லாம் அவரைப் பற்றிப் படித்திருப்பீங்க. அவர் இறந்து முக்கால் நூற்றாண்டு கழித்து முத்துசாமிப் பிள்ளை எழுதிய வாழ்க்கை வரலாறு மூலம் பரவிய செய்திகள் இவற்றில் பல. திவான் பதவி விஷயத்தை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் அவர் பெயரோடு இணைந்த அடைக்கல மாதா கோயில் மட்டும் கண்ணெதிரே இருக்கிறது. அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு ஒரு கலம்பகமே பாடியிருக்கிறார்.

சென்னையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த சிலைகளில் ஒன்று வீரமாமுனிவருடையது. கண்ணகி, கம்பர், வள்ளுவர் நிற்கும் அதே கடற்கரை வரிசையில் அவரும் நிற்கிறார்.

கடைசிக் காலத்தில் அவர் தமிழ்நாட்டில் இல்லை. கர்நாடகப் போர்களின் குழப்பத்தில் தெற்கே போய், பிறகு கேரளத்துக்குப் போனார். 1747-ல், இன்றைய திருச்சூர் மாவட்டத்தில் உள்ள அம்பழக்காட்டில் இறந்தார் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் செய்தி. வயது 66. அதே அம்பழக்காட்டில்தான் 1679-ல், அதாவது அவர் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு, புரோவென்சா பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி அச்சாகி வெளிவந்திருந்தது.