சிறைவாயிலுக்கு அப்பால்: வ.உ.சிதம்பரம் பிள்ளையின் இரண்டாம் தண்டனை

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சிறைவாழ்வு செக்கு என்னும் ஒரே படிமத்தில் தமிழ்ப் பொதுநினைவில் நிலைத்துவிட்டது. அவர் சிறையில் கழித்தது ஐந்தாண்டுக்கும் குறைவான காலமே. சிறைத்தண்டனையின் விளைவுகளோடு அவர் வாழ்ந்ததோ அதற்குப் பிந்தைய இருபத்துநான்கு ஆண்டுகள். இப்பிற்பகுதி, கப்பலோட்டிய வரலாற்றின் பின்குறிப்பாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு மனிதனைத் தண்டனை எவ்வளவு தூரம் பின்தொடரும் என்பதற்கு இதுவே கூடுதலான சான்று தருகிறது.

1908 மார்ச் 12ஆம் நாள் கைதான அவருக்கு, அவ்வாண்டு சூலை 7ஆம் நாள் திருநெல்வேலி அமர்வு நீதிமன்றத்தில் பின்ஹே வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. அரசியல் கைதி என்றொரு தனிவகுப்பு அன்றைய சிறை நடைமுறையில் இல்லை. வழக்கறிஞராக நீதிமன்றத்தில் நின்றவர் கோயம்புத்தூர்ச் சிறையில் கொலை, கொள்ளைக் குற்றவாளிகளுக்கு உரிய உடையும் உணவும் பெற்றார். சணல் எந்திர வேலையில் உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தபின் எண்ணெய்ச் செக்கு இழுக்கும் பணி தரப்பட்டது. அச்செக்கு இன்று சென்னை காந்தி மண்டபத்தில் காட்சிப்பொருளாக உள்ளது. உடலை வருத்திய வேலைக்கு இணையாக மரியாதை குறித்த சிறு மோதல்களும் அவரை அலைக்கழித்தன. சக கைதி ஒருவர் அவரைக் கைகூப்பி வணங்கியதே சிறை அலுவலரின் சினத்துக்குப் போதுமான காரணமாயிற்று.

எனினும் சிறைக்குள் அவருக்கு ஒரு பயன்பாடு இருந்தது. கைதிகளுக்கு அவர் மனு எழுதித் தந்தார். கண்ணனூர்ச் சிறையில் அறம் கேட்க வந்த கைதிகளுக்காக எளிய நடையில் 125 அதிகாரங்கள் கொண்ட 'மெய்யறம்' உருவானது. சேம்சு ஆலனை மொழிபெயர்த்ததும், தொல்காப்பியத்தை உரையோடு ஊன்றிக் கற்கத் தொடங்கியதும் சிறைக்காலத்திலேயே. தமிழ்ப் பதிப்பு வரலாறு இளம்பூரணர் உரைப் பதிப்புக்காக அவரை நினைவுகூரும்போது, அப்பயிற்சியின் தொடக்கம் ஒரு கைதியின் ஓய்வு நேரம் என்பதும் நினைக்கத்தக்கது.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கதவு திறந்தபோது, அவர் விட்டுச்சென்ற உலகம் ஏறத்தாழ முற்றும் கலைந்திருந்தது. 1906இல் பதிவான சுதேசிக் கப்பல் நிறுவனம் மூடப்பட்டிருந்தது. அதன் கப்பலொன்று அவர் எதிர்த்துப் போட்டியிட்ட ஆங்கிலேயக் குழுமத்திடமே விலைபோயிற்று. தண்டனைச் செய்தி கேட்டு மனநிலை பிறழ்ந்த தம்பி மீனாட்சிசுந்தரம் பின்னர்த் தேறவில்லை. உடன் தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு வெளிவந்திருந்தார். வீட்டையும் மேல்முறையீட்டையும் ஒருங்கே சுமந்தவர் மனைவி மீனாட்சி அம்மாள். தலைவர் வரலாறுகள் இத்தகைய பெண்களுக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை.

இவற்றினும் கடுமையானது சனது பறிக்கப்பட்டமை. தண்டனைக்காலம் முடிந்தாலும் தண்டனை பெற்றவர் என்னும் தகுதியின்மை முடியவில்லை. அவர் கற்ற ஒரே தொழிலின் வாயில் அடைபட்டது. திருநெல்வேலியை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்து சிறுவணிகம் செய்து பார்த்தார், அது நிலைக்கவில்லை. நூல்களை வெளியிடவும் பிறர் கொடையை எதிர்நோக்க வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிக் காந்தியிடம் ஒப்படைத்த தொகை பற்றி 1915இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் நீண்டது. இறுதியில் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. பெரும் மூலதனம் திரட்டிக் கப்பல் வாங்கியவர் இத்தொகைக்காக மீண்டும் மீண்டும் நினைவூட்ட நேர்ந்தது. இக்கடிதங்களைக் காந்தியின் நேர்மை பற்றிய விவாதமாக மட்டும் படிப்பது போதாது. விடுதலையான கைதி ஒருவரின் வீட்டுக் கணக்காகவும் அவற்றைப் படிக்கலாம்.

சனது திரும்பக் கிடைத்தது பத்தாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே. அதற்கு உதவியவர், முன்னர் அவர் வழக்கோடு தொடர்புகொண்டிருந்த நீதித்துறை அலுவலர் வாலஸ். நன்றியின் அடையாளமாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் வ.உ.சி. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர் ஆங்கிலேயர் ஒருவர் பெயரை மகனுக்குச் சூட்டியதில் முரண் காண்போர் உண்டு. பறிபோன தொழிலை மீட்டுத் தந்தவர்பால் அவர் கொண்ட நன்றியாக இதனைக் கொள்வதே பொருந்தும். கோவில்பட்டியிலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் வழக்காடினார். இடைவெளிக்குப்பின் தொடங்கிய தொழில் பழைய வருவாயைத் தரவில்லை.

அகவற்பாவில் அமைந்த அவருடைய சுயசரிதை சிறை விடுதலையோடு நின்றுவிடுகிறது. அது நூலாக வெளிவந்தது அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 1946இல். தம் சிறைத்துன்பத்தைப் பாட்டாக்கிய அவர் பிந்தைய துன்பத்தைப் பாடவில்லை. அதனால் அப்பகுதியைக் கடிதங்கள், நூன்முகங்கள், உயில் ஆகியவற்றிலிருந்தே தொகுக்க வேண்டியுள்ளது. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வாண்டு எழுதப்பட்ட உயிலில் அவர் தீர்க்க வேண்டிய கடைக்கடன்களும் இடம்பெற்றுள்ளன.